குளிர்ந்தால் ஒண்ணுக்கு முட்டுகிறது, ஆனால் கிட்னிக்கு ரத்தம் குறைகிறது: எப்படி?

மதுரையிலிருந்து கொடைக்கானல் பஸ்ஸில் போனவர்கள் கவனித்திருப்பார்கள். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏற ஆரம்பித்து, ஜன்னல் வழியாக வரும் காற்று சில்லென்று மாறியதும் பஸ்ஸில் பாதிப் பேருக்கு ஒண்ணுக்கு முட்ட ஆரம்பித்துவிடும். கீழே இருந்தபோது குடித்ததைவிட ஒரு மடக்குத் தண்ணீர்கூட அதிகம் குடித்திருக்க மாட்டார்கள். "குளிரில் வேர்க்காது, வேர்வையாகப் போக வேண்டிய தண்ணீர் இப்படிப் போகிறது" என்பதுதான் எல்லோரும் சொல்லும் விளக்கம். தப்பில்லை, ஆனால் பாதிதான் சரி. மீதிப் பாதிதான் சுவாரசியமானது, ஏனென்றால் அப்படிக் குளிர் உடம்பில் ஏறும் நேரத்தில் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் கூடுவதில்லை, சற்றுக் குறையவே செய்கிறது. ரத்தம் குறைகிறது, சிறுநீர் கூடுகிறது. இந்த முரண்பாட்டைப் பிடித்துக்கொண்டு போனால், சித்திரை வெயிலில் செங்கல் சூளையில் நிற்கிறவருடைய கிட்னிக்குள் என்ன நடக்கிறது என்பதுவரை போய்ச் சேரலாம். எனக்கு அந்த இரண்டாவது விஷயம்தான் முக்கியமாகப் படுகிறது, நம் ஊரில் குளிர் எத்தனை நாள் இருக்கிறது?

முதலில் அளவுகள். இரண்டு சிறுநீரகமும் சேர்ந்து சுமார் 300 கிராம், உடல் எடையில் அரை சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம். சும்மா உட்கார்ந்திருக்கும்போது இதயம் நிமிடத்துக்கு 5 லிட்டர் ரத்தத்தை வெளியே தள்ளுகிறது. அதில் 1 லிட்டருக்கும் மேல், அதாவது ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல், இந்த அரை சதவீத உறுப்புக்குப் போகிறது. எடைக்கு எடை பார்த்தால் மூளைக்குக்கூட இவ்வளவு கிடையாது. இதை வைத்து, சிறுநீரகத்துக்கு அவ்வளவு ஆக்சிஜன் தேவைப்படுகிறது போல என்று நினைத்தால் அதுவும் இல்லை. உடம்பு செலவழிக்கும் ஆக்சிஜனில் பத்தில் ஒரு பங்குக்குள்தான் அது எடுத்துக்கொள்கிறது, வாங்கிய ரத்தத்தின் ஆக்சிஜனில் பெரும்பகுதியைத் தொடாமலே திருப்பி அனுப்பிவிடுகிறது. அவ்வளவு ரத்தம் வருவது அது உயிர் வாழ்வதற்காக இல்லை, வடிகட்டுவதற்காக. ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடித்தெடுக்கிறது, அதில் 99 சதவீதத்தைத் திரும்ப ரத்தத்துக்கே கொடுத்துவிட்டு ஒன்றரை லிட்டர் அளவுக்குச் சிறுநீராக வெளியே விடுகிறது.

ஆக உடம்பின் கணக்கில், தேவைக்கு மேல் ரத்தம் வாங்கிக்கொண்டிருக்கும் இடம் சிறுநீரகம். எங்காவது அவசரம் என்றால் முதலில் கைவைக்கப்படுவது இங்கேதான் (குடலும் கல்லீரலும்கூட இதே வரிசையில் நிற்கின்றன). பாதியைக் குறைத்தால்கூட நிமிடத்துக்கு அரை லிட்டர் ரத்தம் சட்டென்று வேறு இடத்துக்குக் கிடைத்துவிடும், வடிகட்டும் வேலை சில மணி நேரம் மந்தமானால் உயிருக்கு ஒன்றும் ஆகாது. இது நோய் இல்லை, உடம்பு வேண்டுமென்றே எடுக்கும் முடிவு. இதை முதலில் தெளிவாக வைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் "குளிர்ந்த தண்ணீரில் குளித்தால் கிட்னி கெட்டுவிடும்" என்கிற அளவுக்குப் போய்விடுவோம்.

குளிர் எப்படி அங்கே போய்ச் சேருகிறது? சிறுநீரகம் முதுகுப்பக்கம் விலா எலும்புகளுக்கு அடியில், கொழுப்புக்குள் பொதிந்து 37 டிகிரியில் சுகமாக இருக்கிறது. வெளிக்குளிர் அதைத் தொடுவதே இல்லை. தோலில் உள்ள குளிர் உணரும் நரம்புகள் மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன, மூளை சிம்பதெடிக் நரம்புகளை (அவசரத்துக்கு உடம்பைத் தயார்படுத்தும் நரம்புகள்) முடுக்கிவிடுகிறது, அவை நார்அட்ரினலின் என்ற பொருளைச் சுரந்து ரத்தக் குழாய்களைச் சுருக்குகின்றன. தோலின் குழாய்கள் சுருங்குவது வெப்பத்தை உள்ளே பிடித்து வைக்க. அதே உத்தரவு சிறுநீரகத்துக்கும் போகிறது, ஏனென்றால் இந்த நரம்புகள் அங்கே நிறையவே பின்னிக்கிடக்கின்றன.

இதைச் சோதித்துப் பார்க்க ஒரு எளிய முறை 1930களிலிருந்து இருக்கிறது. அமெரிக்காவில் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ஹைன்ஸ், பிரவுன் என்ற இரண்டு டாக்டர்கள் கொண்டுவந்தது. ஐஸ் போட்ட தண்ணீரில் மணிக்கட்டு வரை கையை விட்டு ஒரு நிமிடம் வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். கை கடுக்கும், வலிக்கும், ரத்த அழுத்தம் கிடுகிடுவென்று ஏறும். யாருக்குப் பின்னாளில் பிரஷர் வரும் என்று இதை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்பது அவர்கள் யோசனை. ஜிகர்தண்டா கடையில் ஐஸ் பெட்டிக்குள் கைவிட்டு அள்ளுகிறவரும், மீன் மார்க்கெட்டில் ஐஸ் கட்டியோடு மல்லுக்கட்டுகிறவரும் இந்தப் பரிசோதனையைத் தினமும் தெரியாமலே செய்துகொண்டிருக்கிறார்கள் என்று சொல்லலாம்.

பிற்பாடு இதே ஐஸ் தண்ணீர்ச் சோதனையோடு டாப்ளர் ஸ்கேனையும் சேர்த்தார்கள். வயிற்றின் மேல் கருவியை வைத்து, சிறுநீரகத் தமனியில் ரத்தம் ஓடும் வேகத்தை ஒவ்வொரு இதயத்துடிப்புக்கும் பார்க்க முடியும். (அதற்கு முன்னால் இருந்த வழி கொஞ்சம் சுற்றுவழி: 1940களில் நியூயார்க்கில் ஹோமர் ஸ்மித் குழுவினர் பி.ஏ.எச். என்ற பொருளை ஊசியில் ஏற்றி, அது சிறுநீரில் எவ்வளவு வேகமாக வெளியேறுகிறது என்பதை வைத்து ரத்த ஓட்டத்தைக் கணக்கிட்டார்கள். சிறுநீரகம் அந்தப் பொருளை ஒரே சுற்றில் பத்தில் ஒன்பது பங்கு எடுத்துவிடும் என்பதால் கணக்கு சரியாக வரும். ஆனால் நிமிடக்கணக்கில் சிறுநீர் சேகரிக்க வேண்டும், சில விநாடிகளில் நடப்பதை அதில் பிடிக்க முடியாது.) டாப்ளரில் தெரிந்தது இதுதான்: கையை ஐஸில் வைத்த சில விநாடிகளிலேயே சிறுநீரகக் குழாய்கள் இறுக ஆரம்பிக்கின்றன. ரத்த அழுத்தம் ஏறுகிறது, நியாயமாகப் பார்த்தால் ஓட்டமும் ஏற வேண்டும், ஆனால் ஏறவில்லை, குறைகிறது. அழுத்தம் கூடியும் ஓட்டம் குறைகிறது என்றால் குழாய் எவ்வளவு இறுகியிருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்த இறுக்கம் முழுக்க நரம்பின் வேலையும் இல்லை. சிறுநீரகத்துக்குத் தன்னைத்தானே காத்துக்கொள்ளும் பழக்கம் ஒன்று உண்டு. சராசரி ரத்த அழுத்தம் 80லிருந்து 160, 180 வரை எங்கே இருந்தாலும் உள்ளே போகும் ஓட்டத்தை ஏறக்குறைய ஒரே அளவில் வைத்துக்கொள்ளும். அழுத்தம் ஏறினால் உள்ளே நுழையும் நுண்தமனியின் தசை தானாகவே இறுகிக்கொள்ளும், இறங்கினால் தளர்ந்துகொள்ளும். ஐஸில் கை வைக்கும்போது நடப்பதில் இதுவும் கலந்திருக்கிறது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். குளிர் தேவையே இல்லை. ஒரு ஸ்பிரிங் கைப்பிடியை ஒரே பிடியாக இறுக்கிப் பிடித்தாலும் சிறுநீரகக் குழாய்கள் சுருங்குகின்றன, கஷ்டமான மனக்கணக்கு கொடுத்து அவசரப்படுத்தினாலும் சுருங்குகின்றன. சிறுநீரகம் குளிரை அறிவதில்லை, நரம்பு சொல்வதை மட்டும்தான் கேட்கிறது. 1859ல் பிரான்சில் கிளாட் பெர்னார்ட் விலங்குகளில் சிறுநீரகத்துக்குப் போகும் நரம்பை வெட்டியபோது அந்தப் பக்கம் சிறுநீர் பெருகியதைப் பார்த்தார். அதாவது அந்த நரம்பு எந்நேரமும் லேசாகப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது. அந்த நூல் இன்றுவரை நீள்கிறது: பிரஷர் கட்டுப்படாதவர்களுக்குத் தொடை வழியாகக் குழாய் விட்டு, சிறுநீரகத் தமனியைச் சுற்றியுள்ள நரம்புகளைப் பொசுக்கும் சிகிச்சை வந்தது. 2014ல் வெளியான பெரிய ஆய்வில், நரம்பைப் பொசுக்கிய நோயாளிகளுக்கும், பொசுக்காமல் பொசுக்கியதுபோல் மட்டும் செய்துவிட்ட நோயாளிகளுக்கும் வித்தியாசமே தெரியாமல் மண்ணைக் கவ்வியது, பிறகு கருவிகளைத் திருத்தி, 2023 நவம்பரில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதி கொடுக்கும் அளவுக்கு வந்தது.

சரி, நரம்பு ஒரே அடியாக எல்லாவற்றையும் செய்வதில்லை, படிப்படியாகச் செய்கிறது. லேசாகத் தூண்டினால் ரெனின் என்ற பொருள் மட்டும் சுரக்கும். இன்னும் கொஞ்சம் தூண்டினால் உப்பை வெளியே விடாமல் பிடித்துக்கொள்ளும். பலமாகத் தூண்டினால்தான் ரத்த ஓட்டமே குறையும். அதனால் மார்கழி விடியற்காலையில் மாலை போட்டவர் ஊற்றிக்கொள்ளும் சொம்புத் தண்ணீருக்கு எல்லாம் பயப்பட ஒன்றுமில்லை. மதுரையில் மார்கழி, தை விடியலே 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும், கிணற்றிலிருந்தோ போரிலிருந்தோ நேரே எடுத்தால் தண்ணீர் வெதுவெதுப்பாகவே இருக்கும். ராத்திரி முழுக்க மொட்டைமாடித் தொட்டியில் கிடந்த தண்ணீர்தான் வெடவெடக்க வைக்கும், அதுவும் முதல் இரண்டு சொம்புக்கு. ஒரு நிமிட நேரச் சுருக்கம், துண்டை எடுத்துத் துவட்டுவதற்குள் விலகிவிடும். இதய நோய் உள்ளவர்கள் குளிர்ந்த தண்ணீரை எடுத்த எடுப்பில் தலையில் ஊற்றக் கூடாது என்பது வேறு விஷயம், அது அழுத்தம் திடீரென்று ஏறுவதைப் பற்றியது.

இப்போது சிறுநீரகத்துக்குள் போவோம், ஏனென்றால் ஓட்டம் குறைந்தும் வடிகட்டுவது எப்படி நிற்காமல் நடக்கிறது என்பது அங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் பத்து லட்சத்தை ஒட்டிய எண்ணிக்கையில் வடிகட்டிகள் உண்டு. ஒவ்வொன்றும் மெல்லிய ரத்தக் குழாய்களின் ஒரு முடிச்சு, அதற்குள் ரத்தம் வர ஒரு நுண்தமனி, வெளியே போக இன்னொரு நுண்தமனி. உடம்பில் மற்ற இடங்களில் வெளியே போவது சிரையாக இருக்கும், இங்கே வெளியே போவதும் தமனிதான், அதாவது இறுக்கித் தளர்த்தக்கூடிய குழாய். கண்மாயை நினைத்துக்கொள்ளுங்கள். வரத்துக்கால் ஒரு பக்கம், மடை ஒரு பக்கம். வரத்து குறைந்த வருஷத்தில் கண்மாயில் மட்டம் இறங்காமல் இருக்க வேண்டுமானால் மடையைக் கொஞ்சம் அடைக்க வேண்டும். அதைத்தான் சிறுநீரகம் செய்கிறது. ரெனின் சுரந்தால் ஆஞ்சியோடென்சின் உருவாகும், அது வெளியே போகும் நுண்தமனியைக் கூடுதலாக இறுக்கும். வரத்து குறைந்தாலும் முடிச்சுக்குள் அழுத்தம் இறங்காது, வடிவது தொடரும். சாதாரணமாக, வந்த பிளாஸ்மாவில் (ரத்தத்தின் நீர்ப்பகுதி) ஐந்தில் ஒரு பங்கு வடிகிறது என்றால், வரத்து குறைந்த நேரத்தில் அந்தப் பங்கு கூடிவிடும். அதே சமயம் உள்ளே வரும் நுண்தமனி ஒரேயடியாக மூடிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள சிறுநீரகமே புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளைச் சுரக்கிறது. இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், பின்னால் வலி மாத்திரை பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

இனி கொடைக்கானல் பஸ் கணக்கை முடித்துவிடலாம். குளிரில் தோலின் குழாய்கள் சுருங்கியதும் அங்கே இருந்த ரத்தம் எங்கே போகும்? நெஞ்சுக்கு. இதயத்தின் மேலறைகள் வழக்கத்தைவிட நிறைந்து இழுபடுகின்றன. அவற்றுக்கு உடம்பில் தண்ணீர் அதிகமாகிவிட்டது என்று படுகிறது, உண்மையில் ஒரு சொட்டுகூடக் கூடவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது. உடனே இதயத்திலிருந்து உப்பையும் நீரையும் வெளியேற்றச் சொல்லும் ஒரு ஹார்மோன் சுரக்கிறது (இதயத்தின் மேலறை ஹார்மோன் சுரக்கும் என்பதே 1981ல்தான் கனடாவில் அடால்ஃபோ டி போல்ட் காட்டியபோது தெரிய வந்தது, அதுவரை அதை வெறும் பம்ப் என்றே நினைத்திருந்தார்கள்). நீரைப் பிடித்து வைக்கச் சொல்லும் மூளையின் ஹார்மோன் குறைகிறது. ரத்த அழுத்தம் ஏறியதும் சேர்ந்துகொள்கிறது.

ரத்த ஓட்டம் குறைந்திருக்கும்போது சிறுநீர் எப்படிக் கூடும் என்பதற்குப் பதில் வெறும் கூட்டல் கழித்தல்தான். 180 லிட்டர் வடிகிறது, 99 சதவீதம் திரும்பிப் போகிறது, வெளியே வருவது 1.8 லிட்டர். திரும்பிப் போவது 98 சதவீதமாகக் குறைந்தால் வெளியே வருவது 3.6 லிட்டர், இரண்டு மடங்கு. வடிவது பத்து சதவீதம் குறைந்து 162 லிட்டரானாலும், 98 சதவீதம்தான் திரும்புகிறது என்றால் 3.2 லிட்டர் வந்துவிடும். சிறுநீரின் அளவைத் தீர்மானிப்பது ரத்த ஓட்டம் அல்ல, வடிந்த பிறகு அந்த நீர் ஓடும் நுண்குழலுக்குள் எவ்வளவு திரும்ப எடுக்கப்படுகிறது என்பதுதான். "நல்லா நீர் பிரியுது, கிட்னிக்கு ஒண்ணுமில்லை" என்று நாம் சாதாரணமாகச் சொல்வது இதனால்தான் நம்பத்தக்க வாதம் இல்லை. வருஷக்கணக்கில் சிறுநீரகம் பழுதாகிக்கொண்டிருப்பவர்களில் பலருக்கு ராத்திரியில் வழக்கத்தைவிட அதிகமாகவே போகும்.

கிணற்றில் இறங்கி நீந்தினாலும் இதே கதைதான், ஆனால் ஒரு மாற்றத்தோடு. கழுத்தளவு தண்ணீரில் நிற்கும்போது தண்ணீரின் அழுத்தமே கால்களிலிருந்து ரத்தத்தை நெஞ்சுக்குத் தள்ளிவிடுகிறது, குளிர வேண்டிய அவசியம்கூட இல்லை. 1950களில் ஓட்டோ கவர் என்ற ஜெர்மன் உடலியலாளர் இதில் நிறைய வேலை செய்தார். வெதுவெதுப்பான தண்ணீரில் சிறுநீரக நரம்பு அடங்கிவிடும், ஓட்டமும் குறையாது, சிறுநீர் மட்டும் கூடும். குற்றாலத்தில் அருவிக்கு அடியில் நிற்பது அப்படி இல்லை, அங்கே மேலே அடிக்கும் குளிரும் அடியும் நரம்பை எழுப்பிவிடும்.

குளிரின் மறுபக்கம் ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. தோலில் படும் குளிர் சிறுநீரகத்தின் ரத்தத்தைக் குறைக்கிறது, ஆனால் குளிர் சிறுநீரகத்தின் மேலேயே பட்டால் அது அதைக் காப்பாற்றுகிறது. மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து எடுத்த சிறுநீரகத்தைக் குளிர்ந்த திரவம் செலுத்தி, ஐஸ் பெட்டியில் 4 டிகிரியை ஒட்டி வைத்து ஆம்புலன்ஸில் கொண்டுபோகிறார்கள் அல்லவா, ரத்தமே இல்லாமல் ஒரு நாள் வரை அது தாங்கும். அதே சிறுநீரகம் உடம்புச் சூட்டில் ரத்தமில்லாமல் ஒரு மணி நேரம் இருந்தாலே நொந்துவிடும். ரத்தம் எவ்வளவு வருகிறது என்பது மட்டும் கேள்வி இல்லை, அந்த நேரத்தில் திசுவுக்கு எவ்வளவு தேவை என்பதும் சேர்ந்துதான் கேள்வி.

இங்கிருந்து வெயிலுக்குப் போகலாம். கத்திரி வெயிலில் மதுரை 40 டிகிரியைத் தொடும்போது உடம்பு செய்வது குளிரில் செய்ததற்கு நேர் எதிரானது என்று தோன்றும்: தோலின் குழாய்கள் விரிகின்றன, நெஞ்சுக்கு வரும் ரத்தம் குறைகிறது. ஆனால் சிறுநீரகத்தைப் பொறுத்தவரை உத்தரவு அதே உத்தரவுதான், இன்னும் கடுமையாக. உடம்பு கடுமையாகச் சூடேறினால் தோலுக்கு மட்டும் நிமிடத்துக்கு 7, 8 லிட்டர் ரத்தம் போகக்கூடும். சும்மா இருக்கும்போது இதயம் மொத்தமாகத் தள்ளுவதே 5 லிட்டர்தான் என்று சொன்னேன். இதயம் வேகமாக அடித்து ஒரு பகுதியை ஈடுகட்டும், மீதி குடலிடமிருந்தும் சிறுநீரகத்திடமிருந்தும்தான் வர வேண்டும். அதோடு கல் சுமப்பது, மண் வெட்டுவது போன்ற வேலை சேர்ந்தால் தசையும் பங்கு கேட்கும். கடுமையான உழைப்பில் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் வழக்கமானதில் பாதிக்கும் கீழே போய்விடும். அதோடு மணிக்கு ஒரு லிட்டர் வரை வேர்வை ஊற்றினால் ரத்தத்தின் அளவே சுருங்குகிறது. நீர் சுண்டி, மஞ்சளாகி, கடுத்துக் கடுத்துப் போவது இந்தக் கட்டத்தில்தான், அப்போது சிறுநீரகம் கடைசிச் சொட்டு வரை நீரைத் திரும்ப எடுத்துக்கொண்டிருக்கிறது.

ஒரு மணி நேரம் கபடி ஆடிய பையனுக்கு இதனால் ஒன்றும் ஆகாது. அன்றைக்குச் சிறுநீரில் கொஞ்சம் புரதம் தெரியலாம், ஓரிரு நாளில் காணாமல் போகும். சிறுநீரகத்துக்கு உள்ளேயே ஒரு பாதுகாப்பும் இருக்கிறது: அது செலவழிக்கும் ஆக்சிஜனில் பெரும்பகுதி வடிந்த உப்பைத் திரும்ப இழுப்பதற்குத்தான், அதனால் வடிவது குறைந்தால் இழுக்க வேண்டிய உப்பும் குறையும், ஆக்சிஜன் செலவும் குறையும். பலவீனமான இடம் உள்பகுதி, மெடுல்லா. வெளிப்பகுதி ரத்தத்தில் மிதக்கும்போது, உள்பகுதிக்கு மொத்த ஓட்டத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுதான் வருகிறது. சாதாரண நாளிலேயே அங்கே ஆக்சிஜன் அழுத்தம் (பிரஷரை அளக்கும் அதே மி.மீ. அளவில்) 10லிருந்து 20 வரைதான், வெளிப்பகுதியில் 50ஐ ஒட்டி இருக்கும். எப்போதும் விளிம்பில் நிற்கும் இடம் அது. தாகமான நேரத்தில் சிறுநீரைச் சுண்டவைக்கும் வேலையும் அங்கேதான் நடக்க வேண்டும்.

இப்போது ஒருவரை யோசித்துக்கொள்ளுங்கள். பங்குனி, சித்திரையில் செங்கல் சூளையிலோ கல்குவாரியிலோ கட்டடத்திலோ வேலை. காலையில் கொண்டுவந்த தண்ணீர் பதினொரு மணிக்கே தீர்ந்துவிட்டது. பெண்ணாக இருந்தால், ஒதுங்க இடமில்லை என்று வேண்டுமென்றே குறைவாகக் குடித்திருப்பார். சாயங்காலம் இடுப்பும் காலும் கழன்றுபோன மாதிரி இருக்கிறது, மெடிக்கலில் இரண்டு வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறார். மறுநாளும் அப்படியே. இங்கே எது தப்பு? தனித்தனியாக எதுவும் பெரிய தப்பில்லை. வெயிலால் ஓட்டம் குறைந்தது, உழைப்பால் மேலும் குறைந்தது, தண்ணீர் இல்லாமல் இன்னும் குறைந்தது, உள்ளே வரும் நுண்தமனியை மூடாமல் பிடித்துக்கொண்டிருந்த முக்கியமான ஆள் புரோஸ்டாகிளாண்டின்; டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், ஐபுப்ரொஃபென் வகை மாத்திரைகள் அதன் உற்பத்தியை நிறுத்துகின்றன. நன்றாகத் தண்ணீர் குடித்து நிழலில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த ஆள் தேவையே இல்லை, அதனால் அதே மாத்திரை அவருடைய கிட்னியைப் பொதுவாக ஒன்றும் செய்வதில்லை. மாத்திரை ஒன்றுதான், விழும் உடம்புதான் வேறு. பாராசிட்டமால் இந்த வழியில் வேலை செய்வதில்லை என்பதால் டாக்டர்கள் அதை முதலில் சொல்கிறார்கள்.

டைக்ளோஃபெனாக்கைப் பற்றிப் பேசும்போது பிணந்தின்னிக் கழுகுகள் ஞாபகத்துக்கு வராமல் இருக்காது. மாட்டுக்குப் போட்ட இந்த ஊசி மருந்து செத்த மாட்டின் உடம்பில் தங்கி, அதைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து கூட்டம் கூட்டமாகச் செத்தன என்பது 2004ல் தெரிய வந்தது, 2006ல் இந்தியா கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தது. தமிழ்நாட்டில் அவை மிச்சமிருப்பது முதுமலையை ஒட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்கில்தான்.

மனிதர்கள் விஷயத்துக்கு வந்தால், சுகரும் இல்லை, பிரஷரும் இல்லை, ஆனால் நாற்பது வயதுக்குள் டயாலிசிஸ் என்கிற நிலை உலகத்தில் சில இடங்களில் கொத்தாகத் தெரிகிறது. மத்திய அமெரிக்காவில் எல் சால்வடார், நிகரகுவா நாடுகளின் கரும்புத் தோட்டங்கள், இலங்கையின் வடமத்திய மாகாணம், ஆந்திராவின் உத்தானம் பகுதி. எல்லாம் வெயிலில் உடம்பை முறித்து வேலை செய்கிறவர்கள் ஊர். பூச்சிமருந்தா, குடிதண்ணீரில் உள்ள ஏதாவதா, வெயிலா என்று சண்டை இன்னும் ஓயவில்லை, இடத்துக்கு இடம் காரணம் மாறவும் கூடும். ஆனால் மத்திய அமெரிக்காவைப் பொறுத்தவரை, தினம் தினம் ஓட்டம் குறைந்து குறைந்து ஏற்படும் சின்னச் சின்னக் காயங்கள் சேர்ந்து நிரந்தரத் தழும்பாகின்றன என்ற விளக்கம்தான் எனக்கு வலுவாகத் தெரிகிறது, காரணம் நிகரகுவாவில் கரும்பு வெட்டுகிறவர்களுக்குத் தண்ணீர், ஓய்வு, நிழல் மூன்றையும் முறையாகக் கொடுத்தபோது சிறுநீரகக் காயம் குறைந்தது. நம் பக்கம் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்து ஆய்வாளர்கள் தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்களிடம் வெயிலையும் சிறுநீரகத்தையும் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். மேலூர்ப் பக்கத்துப் பொங்கல் கரும்பு வெட்டு மார்கழிக் குளுமையில் வருவதால் ஓரளவு தப்பிக்கிறது, சூளைக்கும் குவாரிக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை.

தாகத்துக்குக் கலர் குடிப்பது பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் ஒரு குழு, சூட்டில் வேலை செய்யவைத்து ஒருமுறை தண்ணீரும் ஒருமுறை சர்க்கரைப் பானமும் கொடுத்துப் பார்த்தது. பானம் குடித்தபோது சிறுநீரகக் காயத்தைக் காட்டும் அளவுகள் ஏறின. அதே குழு இன்னொரு ஆய்வில் நம் ஐஸ் தண்ணீர்ச் சோதனையையும் சேர்த்தது, அங்கும் பானத்துக்குப் பிறகு சிறுநீரகக் குழாய்களின் இறுக்கம் கூடியிருந்தது. சின்ன ஆய்வுகள், ஆரோக்கியமான இளைஞர்களை வைத்துச் செய்தவை, இதை வைத்து ஒரு பாட்டிலுக்குப் பயப்பட வேண்டாம். ஆனால் மோரும் உப்புப் போட்ட நீராகாரமும் கிடைக்கிற ஊரில், வேலைக்கு நடுவே தாகம் தீர்க்கக் கலரைத் தேடுவானேன். எதையும் சேர்க்காமல் வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராக ஒரே மூச்சில் குடிப்பதும் வேண்டாம், ரத்தத்தில் சோடியம் இறங்கி வேறு வம்பு வரும்.

பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. எனலாப்ரில், லோசார்டன், டெல்மிசார்டன் போன்றவை ஆஞ்சியோடென்சினைத் தடுப்பவை, அதாவது அடைத்த மடையைத் திறந்துவிடுபவை. வடிகட்டிக்குள் எப்போதும் அழுத்தம் அதிகமாக இருக்கும் சுகர்காரர்களுக்கு வருஷக்கணக்கில் கிட்னியைக் காப்பாற்றுவது இந்த மாத்திரைகள்தான், அதனால் பயந்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஆனால் வாந்தியும் வயிற்றுப்போக்குமாகக் கிடக்கும் நாளில் வரத்தும் இல்லை, மடையும் திறந்து கிடக்கிறது என்றாகிவிடும். அன்றைக்கு அதைப் போடலாமா, நிறுத்தி வைக்கலாமா என்று மாத்திரை எழுதிக்கொடுத்த டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. அதன் மேல் ஒரு வலி மாத்திரையும் நீர் பிரிய வைக்கும் மாத்திரையும் சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம், மூன்றும் ஒன்றாகச் சேர்வதை டாக்டர்கள் ரொம்பவே பயப்படுவார்கள்.

தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை போகிறவர்களிடம் இந்த எல்லாமே ஒரே வாரத்தில் வந்து போகும்: விடியலில் பனி, பகலில் வெயில், நாள் முழுக்க நடை, ராத்திரி கால்வலிக்கு மாத்திரை. நாலு நாள் நடந்து முடித்த பிறகு சிறுநீர் கோலா நிறத்தில் போனால் அதைச் சூடு என்று விட்டுவிடக் கூடாது. தசை நைந்து அதன் நிறமி ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தின் நுண்குழல்களை அடைக்கும்போது அந்த நிறம் வரலாம். 1941ல் லண்டனில் குண்டுவீச்சில் இடிபாட்டுக்குள் கால் நசுங்கியவர்கள் மீட்கப்பட்ட பிறகும் சிறுநீரகம் நின்று செத்துப்போனதைப் பதிவு செய்தபோதுதான் டாக்டர்கள் இதைச் சரியாகப் புரிந்துகொண்டார்கள். ரத்த ஓட்டம் ஏற்கெனவே குறைந்திருக்கும் கிட்னியில் இது நடந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய விஷயம்.

கிரியாட்டினின் (தசையிலிருந்து வந்து சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு) டெஸ்ட் எடுக்கிறவர்களும் இதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்வது நல்லது. வெயிலில் நாள் முழுக்க அலைந்த மறுநாளோ, கடுமையான உடற்பயிற்சிக்குப் பிறகோ எடுத்தால் எண் சற்று ஏறியே இருக்கும். கறி தின்ற சில மணி நேரத்தில் எடுத்தாலும் ஏறும், ஏனென்றால் வெந்த கறியிலேயே கிரியாட்டினின் இருக்கிறது, ராத்திரி பதினொரு மணிக்குக் கறிதோசையும் சுக்காவும் முடித்துவிட்டு விடியலில் லேப் வாசலில் நிற்பது நம் ஊரில் நடக்காத காரியமா என்ன. அதே சமயம் எண் சரியாக இருக்கிறது என்பதற்காக நிம்மதியும் அடைந்துவிட முடியாது, வடிகட்டும் திறன் பாதி போகும் வரைகூட அந்த எண் இயல்பு வரம்புக்குள் நிற்கக்கூடியது. சூளை, குவாரி, கட்டட வேலை பார்க்கிறவர்கள் கிரியாட்டினினோடு சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்ற டெஸ்டையும் சேர்த்து எடுக்கலாம். அதையும் வேலை உச்சத்தில் இருக்கும் மாதத்தில் ஒன்று, ஓய்வான மாதத்தில் ஒன்று என்று எடுத்து டாக்டரிடம் காட்டினால், வெயிலில் ஏறிய எண் திரும்ப இறங்குகிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும்.